விமான உதிரிப் பாகம் விற்பவருக்கும் ஒரு தரச் சான்று



வரி, எடை அளவு, உணவு உரிமம் என்று நம் கடைக்கு நேரடியாகத் தேவைப்படும் விஷயங்களையே நமது இதழில் வழக்கமாகப் பார்த்து வருகிறோம். இம்முறை கொஞ்சம் தள்ளிப் போய், ஆகாய விமானத் தொழிலுக்குச் சரக்கு சப்ளை செய்பவர்கள் வாங்க வேண்டிய தரச் சான்றைப் பற்றி எழுதுகிறேன். பருப்பும் புளியும் விற்கிறவர்களுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்தத் தொழிலிலும் நம்மைப் போலவே மொத்தமாக வாங்கி, கிடங்கில் அடுக்கி, பிரித்து விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு திருகாணியைக்கூடச் செய்வதில்லை. வாங்குகிறார்கள், விற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அவர்களுக்கென்றே தனியாக ஒரு விதிப்புத்தகம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது, இது நம் மண்டிக்கும் எழுதியது போல இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

போயிங் 747 என்ற பெரிய விமானத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பாகங்கள் இருப்பதாக அதைச் செய்த நிறுவனமே கூறுகிறது. அதில் பாதி, ஒன்றோடொன்று இணைக்கும் போல்ட், நட்டு, ரிவெட் வகைகள். இத்தனையையும் ஒரே தொழிற்சாலை செய்ய முடியாது. ஒருவர் உலோகம் உருக்குகிறார், ஒருவர் கம்பியாக இழுக்கிறார், ஒருவர் மரை போடுகிறார், ஒருவர் முலாம் பூசுகிறார். இடையில் பல கை மாறித்தான் விமானத்தில் போய்ச் சேருகிறது. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தவறு நுழைய வழி உண்டு. நம் தொழிலுக்கும் இது புதிதல்ல.

கண்ணளவில் எடுத்த போல்ட்

1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயினில் உள்ள மலகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. 17,300 அடி உயரத்தை எட்டியபோது விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த காற்று வெளியே பாய்ந்த வேகத்தில் தலைமை விமானியின் உடம்பில் பாதி, கண்ணாடி இருந்த ஓட்டை வழியே வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சமாளித்து சவுத்தாம்ப்டனில் இறக்கினார். தெய்வாதீனமாக எல்லாரும் பிழைத்தார்கள். வெளியே தொங்கிய விமானியும் பிழைத்தார்.

விசாரணையில் தெரிந்தது இதுதான். விமானம் புறப்படுவதற்கு 27 மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் 90. அதில் 84 போல்ட்டுகளின் குறுக்களவு இருக்க வேண்டியதைவிட 0.026 அங்குலம் குறைவு. மில்லிமீட்டரில் சொன்னால் முக்கால்கூட இல்லை. மீதி ஆறு போல்ட்டுகளின் நீளம் குறைவு.

இது எப்படி நடந்தது என்பதுதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது. இரவு நேரம். கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். எந்த எண் போல்ட் போட வேண்டும் என்று அங்கே இருந்தவர் சொன்னார். ஆனால், இதுவரை எது இருந்ததோ அதையே போடலாம் என்று இவர் நினைத்தார். அந்த வகை அங்கே தேவையான அளவு இல்லை. வேறொரு இடத்தில் ஆள் இல்லாத அலமாரிக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில், பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். விமானத்தின் பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைச் சரிபார்க்கவில்லை. கண்ணளவில் ஒன்றுபோல இருந்தது, எடுத்துவிட்டார்.

அவர் அனுபவசாலிதான், வேலையில் அக்கறை உள்ளவர்தான். “பார்த்தாலே தெரியும்” என்ற அனுபவம்தான் அங்கே கையை விட்டது. நம்மிலும் முப்பது வருஷம் மண்டியில் உட்கார்ந்தவர்கள், கையில் அள்ளிப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவோம். அது பெரிய வித்தைதான். ஆனால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்தைக் கை சொல்லாது.

போலிச் சரக்கு வாங்கிய உயிர்கள்

இதற்கு முந்திய ஆண்டு நடந்தது இன்னும் கொடியது. 1989 செப்டம்பர் 8-ஆம் தேதி நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குப் போன பார்ட்நேர் நிறுவனத்தின் விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வால் பகுதியில் நிமிர்ந்து நிற்கும் பாகத்தை உடம்போடு பிடித்திருந்த போல்ட்டுகளில், தேவையான உறுதி இல்லாத போலிகள் இருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. அதிர்வு அதிகமானபோது அவை தாங்கவில்லை.

போலி மிளகாய்த்தூள் விற்றால் வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுவார். போலி போல்ட் பல ஆண்டுகள் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பேசுகிற நாளில் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தத் தொழிலில், சரக்கு கெட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கும்போதே அதன் பூர்வோத்திரம் தெரிய வேண்டும்.

சான்று வந்த வழி

தரத்தை எழுத்தில் கட்டுப்படுத்தும் வழக்கம் ராணுவத்திலிருந்து வந்தது. 1959-ல் அமெரிக்க ராணுவம் தனக்கு சப்ளை செய்பவர்களுக்காக ஒரு தர விதி வெளியிட்டது. 1979-ல் பிரிட்டன் ஒரு தேசிய விதி கொண்டுவந்தது. அதன் வழியில் 1987-ல் ஐ.எஸ்.ஓ. 9001 பிறந்தது. பல தொழிற்சாலை வாசலில் பலகையாக நாம் பார்ப்பது அதுதான்.

ஆனால் ஐ.எஸ்.ஓ. 9001 எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. ஊறுகாய்க் கம்பெனியும் வாங்கலாம், ஆஸ்பத்திரியும் வாங்கலாம். விமானத் தொழிலுக்கு அது போதவில்லை. அதனால் ஒவ்வொரு பெரிய விமான நிறுவனமும் தனக்கென்று ஒரு தரப் புத்தகம் வைத்துக்கொண்டது. நான்கு கம்பெனிக்கு சப்ளை செய்யும் சிறு பட்டறைக்காரர் நான்கு புத்தகத்தைப் பின்பற்ற வேண்டும், நான்கு விதமான சோதனைக்கு நிற்க வேண்டும். ஒரே கடைக்கு நான்கு துறை அதிகாரிகள் நான்கு ரிஜிஸ்டர் கேட்பது போன்ற நிலைமைதான்.

இதைச் சரிசெய்ய 1998-ல் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச விண்வெளித் தரக் குழு என்ற அமைப்பை ஏற்படுத்தின. 1999-ல் ஏ.எஸ். 9100 என்ற பொது விதி வெளியானது. ஐ.எஸ்.ஓ. 9001-ல் உள்ளது முழுவதும் அதில் உண்டு. அதற்கு மேல் விமானத் தொழிலுக்கான நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. 2004, 2009, 2016 ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. அடுத்த திருத்தத்தில் ஐ.ஏ. 9100 என்று பெயர் மாறும் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

செய்பவருக்கு ஏ.எஸ். 9100. விமானத்தைப் பழுதுபார்ப்பவருக்கு ஏ.எஸ். 9110. வாங்கி விற்பவருக்கு ஏ.எஸ். 9120. நம் கவனத்துக்கு உரியது இந்த மூன்றாவது.

மூட்டையைப் பிரித்தால் என்ன ஆகும்?

ஆலையிலிருந்து வரும் மூட்டையில் ஆலையின் பெயர் இருக்கும், லாட் எண் இருக்கும். நாம் பிரித்து ஐந்து கிலோ, பத்து கிலோவாகக் கட்டிக் கொடுக்கிறோம். சாக்கு தனியாகப் போகிறது, சரக்கு தனியாகப் போகிறது. அந்த நிமிஷத்தில் சரக்குக்கும் அதன் பிறப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஏ.எஸ். 9120 முழுவதும் இந்த ஒரு நிமிஷத்தைப் பற்றிய கவலைதான் என்று சொன்னால் மிகையில்லை.

விமான உதிரிப் பாக வியாபாரி ஒரே பேட்சில் ஆயிரம் போல்ட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 200, இன்னொருவருக்கு 50, மற்றொருவருக்கு 12 என்று பிரித்து விற்கிறார். கடைசி 12 வாங்கியவர் கையிலும் அது எந்தத் தொழிற்சாலை, எந்த பேட்ச் என்ற விவரம் போய்ச் சேர வேண்டும். வியாபாரியின் ஏட்டிலும் ஆயிரத்தில் எத்தனை யாருக்குப் போயிற்று, எத்தனை மிச்சம் என்பது இருக்க வேண்டும். அந்த பேட்சில் குறை இருப்பதாகத் தொழிற்சாலை அறிவித்தால், அது யார் யாரிடம் இருக்கிறது என்று உடனே சொல்ல முடிய வேண்டும். இரண்டு பேட்சை ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்து, எது எது என்று தெரியாமல் போனால் தொடர்பு அறுந்தது அறுந்ததுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்பது பதிலாகாது.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து நூறு டின் வாங்கினோம். விற்ற இடங்களிலிருந்து சில டின்கள் வாடை வருவதாகத் திரும்பி வந்தன. ஆலைக்காரர், “இது எங்கள் டின்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டுவிட்டார். அவர் அனுப்பிய டின்களில் லாட் எண் எதுவும் போட்டிருக்கவில்லை. பில்லில் எண்ணிக்கையும் விலையும் மட்டுமே. நஷ்டம் எங்கள் தலையில் விழுந்தது. விமானத் தொழிலில் அப்படி எண் இல்லாத சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கிடங்குக்குள் விட மாட்டார்கள்.

சரக்கோடு வரும் காகிதம்

அங்கே சரக்குக்கு இருக்கும் மதிப்பு அதன் காகிதத்துக்கும் உண்டு. இந்தப் பாகம் இன்ன வரைபடப்படி, இன்ன உலோகத்தில் செய்யப்பட்டது என்று செய்தவர் கையெழுத்திட்ட தர உறுதிச் சான்று வர வேண்டும். பல பாகங்களுக்கு விமானத்தில் பொருத்தத் தகுதியானது என்ற வெளியீட்டுச் சான்றும் வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்று அரசு அமைப்புகள் வகுத்த படிவங்கள் இருக்கின்றன. காகிதம் இல்லாத பாகம் பளபளவென்று புதிதாக இருந்தாலும் விமானத்தில் ஏறாது.

வரும் காகிதத்தை அப்படியே நம்பிக் கோப்பில் போடுவதும் கூடாது. எண் பொருந்துகிறதா, அளவு பொருந்துகிறதா, அனுப்பியவர் நாம் முன்பே விசாரித்து ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்க்க வேண்டும். சப்ளை செய்பவர்களின் பட்டியலை வைத்திருப்பது மட்டும் போதாது. காலாகாலத்தில் அவர்கள் சரியாக நடக்கிறார்களா என்று மதிப்பிட்டு, தேவையானால் நீக்கவும் வேண்டும். புதிதாக ஒரு தரகர் வந்து மார்க்கெட்டை விடக் குறைந்த விலை சொன்னால், அங்கே முதலில் எழ வேண்டிய கேள்வி, “இது உனக்கு எப்படிக் கிடைத்தது?” என்பதுதான். லாபக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

காலாவதியும் கழிவும்

விமானச் சரக்குக்கும் ஆயுள் உண்டு என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் உறையில், ரப்பரைப் பதப்படுத்திய ஆண்டும் காலாண்டும் குறித்திருக்கும். ஒட்டும் பசைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. விமான உடம்பு செய்யப் பயன்படும் பிசின் தோய்த்த கார்பன் துணியைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் வைப்பது வழக்கம். ஃப்ரீசரை விட்டு வெளியே எடுத்தால், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று எழுத வேண்டும். மறுபடி உள்ளே வைத்தாலும் அந்த மணிக்கணக்கு அழியாது. அடுத்த முறை எடுக்கும்போது அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் அனுமதித்த நேரத்தைத் தாண்டினால் துணி கழிவு. கரண்ட் போய் உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறைய வைத்து விற்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

கழிவைப் பற்றிய விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தள்ளுபடி ஆன பாகத்தின் மேல் அழியாத அடையாளம் போட வேண்டும், அல்லது யாரும் எடுக்க முடியாதபடி பூட்டிக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். பிறகு மீண்டும் உபயோகிக்க முடியாதபடி அதைச் சிதைத்துவிட வேண்டும். குப்பையில் போட்டேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குப்பையில் போட்டது பாலிஷ் ஏறி மறுபடி சந்தைக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் காலாவதியான பொருள்கள் தேதி மாற்றிய புது உறையில் திரும்பி வந்து பிடிபட்ட செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். திருப்பி எடுத்த சரக்கை உறை கிழித்து, பொருளை உபயோகத்துக்கு உதவாதபடி செய்துவிட்டால் அந்தக் கள்ள வழி அன்றே அடைபடும்.

வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பாகத்தையும் நேராக அலமாரியில் வைக்கக் கூடாது. தனி இடத்தில் ஒதுக்கி, பார்த்து, முடிவு எழுதி, பிறகுதான் ஒன்று உள்ளே போகும் அல்லது ஒழிக்கப்படும். சந்தேகச் சரக்குக்கு என்று தனியாகப் பூட்டிய இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

சான்று பெறும் முறை

அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனம்தான் இதைக் கொடுக்க முடியும். அனுப்பப்படும் தணிக்கையாளர் விமானத் தொழிலுக்கென்று தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் நம் நடைமுறைகள் எழுத்தில் சரியாக இருக்கின்றனவா, தணிக்கைக்குத் தயாராக இருக்கிறோமா என்று பார்க்கிறார். இரண்டாம் கட்டத்தில் எழுதியதும் நடப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிறார். முதலாளியோடு முடித்துக்கொள்வதில்லை. சரக்கு இறக்குபவரிடமும் பொட்டலம் கட்டுபவரிடமும் போய், “இந்தப் பெட்டியில் எண் இல்லை என்றால் என்ன செய்வாய்?” என்று கேட்பார். அவர் சொல்லும் பதிலில்தான் சான்று நிற்கிறது.

குறை கண்டால் பெரிய குறை, சிறிய குறை என்று எழுதித் தருவார்கள். குறையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அது ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். சான்று மூன்று ஆண்டுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. மூன்றாண்டு முடிவில் முழுச் சோதனை மறுபடியும். சான்று பெற்றவர்களின் விவரம் அந்தச் சர்வதேசக் குழுவின் கணினிப் பட்டியலில் ஏறிவிடும். சுவரில் மாட்டிய சான்று உண்மையா பொய்யா என்று வாங்குபவர் தன் இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

2016 திருத்தத்தில் ஒரு விஷயம் சேர்த்திருக்கிறார்கள். தாம் செய்யும் வேலை பொருளின் பாதுகாப்புக்கு எப்படி உதவுகிறது என்பதும், நேர்மையாக நடப்பதன் முக்கியத்துவமும் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. நேர்மையை விதியாகவே எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது.

சான்று இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதை மறைத்து எழுதுவது வாசகர்களை ஏமாற்றுவதாகும்.

அமெரிக்காவில் சாபா புரொஃபைல்ஸ் என்ற அலுமினியக் கம்பெனி, உறுதிச் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதி 19 ஆண்டுகள் போலிச் சான்று கொடுத்து வந்தது. நாசா ஏவிய இரண்டு ராக்கெட்டுகளில், செயற்கைக்கோளை மூடியிருந்த மேலுறை திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. ஒன்று 2009-ல், மற்றொன்று 2011-ல். இரண்டும் பாழ். நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். அந்த உறையைப் பிரிக்கும் இணைப்பில் இருந்தது இந்தக் கம்பெனியின் அலுமினியம்தான் என்று 2019-ல் நாசா வெளியிட்டது. கம்பெனி 4 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இன்னொன்று நம் இனத்தைச் சேர்ந்த கதை. வாங்கி விற்பவர் செய்தது. ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம், உலகில் மிக அதிகமாக ஓடும் சி.எஃப்.எம்.56 என்ற ஜெட் என்ஜினுக்கான பாகங்களைப் போலி வெளியீட்டுச் சான்றுகளுடன் விற்றது. 2023-ல் போர்ச்சுகல் நாட்டு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவினர் ஒரு பாகத்தைப் பார்த்தார்கள். காகிதம் புதியது என்கிறது, பாகமோ பழையதாகத் தெரிகிறது. சான்றை என்ஜின் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேட்டார்கள். அந்தக் காகிதம் எங்களுடையது அல்ல என்று பதில் வந்தது. அதன்பின் தோண்டத் தோண்ட, பல நாட்டு விமானங்களில் 100-க்கும் மேற்பட்ட என்ஜின்களில் அந்த நிறுவனம் விற்ற பாகங்கள் இருப்பது தெரிந்தது. என்ஜின்களைக் கழற்றிப் பாகங்களை மாற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் அரசின் மோசடித் தடுப்புத் துறை விசாரணையில் இறங்கியது.

இத்தனை பெரிய மோசடி எப்படி வெளிப்பட்டது? சான்றையும் சரக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று சந்தேகப்பட்டு, சான்று கொடுத்ததாகச் சொல்லப்பட்டவரையே கேட்ட ஒரு தொழிலாளியின் கவனத்தால். முன்பு சொன்ன கண்ணாடிக் கதையில் கண் மட்டும் இருந்தது, காகிதத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் பல இடங்களில் காகிதத்தை மட்டும் பார்த்தார்கள், கண்ணால் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

சிறியவர்களின் நிலை

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் அதன் மையங்கள். இந்த ஊர்களில் விமானப் பாகம் செய்ய முன்வரும் சிறு பட்டறைகளுக்கெல்லாம் இந்தச் சான்றுதான் முதல் வாசல்.

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர் ஏ.எஸ். 9100 வாங்கியவர். அவர் சொல்வது: “மெஷின் வாங்கினதைவிட, எழுதிப் பழகறதுதான் கஷ்டமா இருந்தது மாமா. பசங்க வேலையை நல்லாச் செய்வாங்க, செஞ்சதை எழுதச் சொன்னா ஓடுவாங்க.” தணிக்கைக் கட்டணம், ஆலோசகர் கட்டணம், அளவுக் கருவிகளை அடிக்கடி சரிபார்க்கும் செலவு என்று சிறியவர்களுக்கு இது பாரம்தான். சான்று வாங்கினால் ஆர்டர் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. வாங்காவிட்டால் பெரும்பாலான பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்கக்கூட முடியாது. பெரிய முதலாளிகளுக்கு வசதியான விதி என்று குறை சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நான்கு கம்பெனிக்கு நான்கு புத்தகம் என்ற பழைய தொல்லைக்கு இது மேல் என்றே அவரும் சொல்கிறார்.

நம் சட்டமும் இதைத்தான் கேட்கிறது

விமானக்காரர்களுக்கு இவ்வளவு வேண்டும், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 27-வது பிரிவைப் பாருங்கள். மொத்த வியாபாரி எதற்கெல்லாம் பொறுப்பு என்று அதில் வரிசையாகக் கூறப்பட்டிருக்கிறது. காலாவதிக்குப் பின் சப்ளை செய்தால் பொறுப்பு, உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவுறுத்தலை மீறி வைத்திருந்தாலோ சப்ளை செய்தாலோ பொறுப்பு. அதோடு, உற்பத்தியாளர் யார், யாரிடமிருந்து வந்தது என்று அடையாளம் காட்ட முடியாத உணவுப் பொருளுக்கும் பொறுப்பு. கலப்படம் செய்தவர் வேறு யாராகவோ இருக்கலாம். அவர் யார் என்று நாம் கைகாட்ட முடியாவிட்டால் பொறுப்பு நம்மிடம் நின்றுவிடும். ஏ.எஸ். 9120 சொல்வதும் இதே சங்கதிதான்.

ஆகவே, தணிக்கையாளர் யாரும் வராமலே, அதிகச் செலவில்லாமல் நம் கடையில் செய்யக்கூடியவை சில உண்டு:

1. கொள்முதல் பில்லில் லாட் அல்லது பேட்ச் எண் எழுதித் தரும்படி ஆலையையும் ஏஜென்டையும் கேட்க வேண்டும். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

2. மூட்டையைப் பிரிக்கும்போது அதில் உள்ள சீட்டைக் கிழித்து எறியாமல், பிரித்த தேதியை அதில் குறித்து ஒரு கம்பியில் குத்தி வைக்கலாம். சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகும் சில மாதம் வைத்திருப்பது நல்லது.

3. ஒரு லாட் தீராமல் அடுத்த லாட்டை அதே டப்பாவில், அதே தொட்டியில் கொட்ட வேண்டாம். பழையது கீழே, புதியது மேலே என்பது வியாபாரம் அல்ல.

4. திரும்பி வந்த சரக்குக்கும் சந்தேகச் சரக்குக்கும் கிடங்கில் ஒரு மூலையைத் தனியாக ஒதுக்கிப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

5. ஒழிக்க வேண்டியதை உறை கிழித்து, முழுவதுமாக ஒழிக்க வேண்டும். பழைய பேப்பர்காரரிடம் உறையோடு போடக் கூடாது.

6. மார்க்கெட் விலைக்கு மிகவும் கீழே வரும் சரக்கைப் பார்த்ததும் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

7. கடைப் பையனுக்கும் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும். மூட்டையைப் பிரிப்பவர் அவர்தான்.

நம் தொழில் வாய்ச்சொல்லிலும் நாணயத்திலும் வளர்ந்தது. ஒரு துண்டுச் சீட்டில் லட்சக்கணக்கில் சரக்குப் போய், பணம் நாள் தவறாமல் வந்திருக்கிறது. அந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் அன்று வாங்கியவரும் விற்றவரும் முகம் பார்த்துப் பழகியவர்கள். இன்று சரக்கு எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது. முகம் தெரியாத இடத்தில் நம் நாணயத்தைக் காட்டுவதற்கு ஏட்டில் உள்ள எழுத்துதான் உதவும். உங்கள் கடையில் இன்று இருக்கும் சரக்கில் ஏதேனும் ஒரு பையை எடுத்து, இது யாரிடமிருந்து, எந்த லாட்டில், எந்தத் தேதியில் வந்தது என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். முடியாவிட்டால் நாளைக்கு வரும் முதல் லோடிலிருந்து தொடங்கலாம்.